உடவத்தகெலேயில் ஒரு தை மாதக் காலை

கண்டி மாநகருக்குச் செல்வோர் தலதா மாளிகையைத் தரிசிக்கின்றனர். வாவியை ஒரு முறை சுற்றி வருகின்றனர். நேரமிருப்பின் பேராதனைப் பூங்காவுக்கும் சென்று மீள்கின்றனர். மாளிகையின் பின்புறத்தே, அதற்குக் காவல் நிற்பது போல உயர்ந்து நிற்கும் கரும்பச்சைக் குன்றை நிமிர்ந்து நோக்குவோர் மிகச் சிலரே. அக்குன்றின் பெயர் உடவத்தகெலே. சிங்கள மொழியிலே 'உட' என்பது மேல். 'வத்த' என்பது தோட்டம். 'கெலே' என்பது காடு. அரண்மனைக்கு மேலுள்ள தோட்டக் காடு என்று நாம் பொருள் கொள்ளலாம்.

பெயருக்கேற்ப அது அரசருக்குரிய காடாகவே இருந்தது. கண்டியரசர் காலத்திலே குடிமக்கள் அதனுள் புகுதல் ஆகாது. கீழே பளபளக்கும் வாவியை 1807இல் அமைப்பித்தவன் கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். தென்னிந்திய நாயக்க மரபிலே வந்த அவன், 1815இல் அரசிழந்து வேலூருக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே 1832இல் உயிர் துறந்தான். அரசன் போன பின்னரும் காடு நின்றது. பிரித்தானியர் 1856இல் அதனை ஒதுக்கக் காடாக்கினர். 1938இல் அது சரணாலயமாயிற்று. இன்று ஏறத்தாழ 104 ஹெக்ரேயர் பரப்பிலே, மூன்று புறமும் வீடுகளும் வாகனங்களும் நெருக்க, நடுவே ஒரு பசுந்தீவு போல அது விளங்குகின்றது.

சென்ற தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே, எமது உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு நாம் அக்காட்டுக்குச் சென்றோம். நோக்கம் பறவை காண்டல். தை மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் வடக்கிலிருந்து வந்து சேரும் பறவைகள் மார்கழி, தை மாதங்களில் தத்தமக்குரிய இடங்களை வரைந்துகொண்டு நிலைபெற்றுவிடும். பங்குனி, சித்திரையிலே திரும்பிவிடும். ஆகவே உள்ளூர்ப் பறவைகளையும் வந்த பறவைகளையும் ஒரே மரத்திலே காண்பதற்கு இதுவே உகந்த பருவம்.

டி. எஸ். சேனாநாயக்க வீதி வழியாக ஏறிச் சென்று வாயிலை அடைந்தபோது மூடுபனி இன்னும் விலகவில்லை. முந்திய இரவு மழை பெய்திருந்தமையால் அட்டைகள் மிகுந்திருந்தன. வாயிலில் நின்ற வனக் காவலர், வயது முதிர்ந்தவர், எம் மாணவரின் கால்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தமது அறையிலிருந்து ஒரு துண்டுச் சவர்க்காரம் கொணர்ந்து தந்தார். காலிலே சவர்க்காரத்தைத் தேய்த்தால் அட்டை அஞ்சும் என்பது மலைநாட்டார் கண்ட வழி. அட்டைகள் முற்றாக அஞ்சின என்று நாம் சொல்ல முடியாது. எனினும் மாணவிகளின் கூச்சல் ஓரளவு குறைந்தது.

எம்மிடம் இரவல் வாங்கிய தொலைநோக்குக் கண்ணாடிகள் இரண்டும் ஒரு குறிப்பேடும் இருந்தன. குறிப்பேட்டின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் 'உள்ளூர்' என்றும் வலப்புறம் 'வரவு' என்றும் தலைப்பிட்டுக் கொடுத்தோம். எழுதும் பொறுப்பு அதிகம் பேசாத ஒரு மாணவனுக்குக் கிடைத்தது. தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருபவன் அவன். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

காட்டினுள்ளே ஆளுநர்களின் மனைவியர் பெயரைத் தாங்கிய பாதைகள் பல உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது ஹோர்ட்டன் சீமாட்டி பாதை. அதிலே நூறு அடி நடந்ததும் நகரத்தின் இரைச்சல் தேய்ந்து, குக்குறுவானின் குரல் மேலோங்கியது. இலங்கைக்கே உரிய மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் அது. ஓரிடத்தில் தொடங்கி, மறுமரத்தில் விடைபெற்று, மலை முழுவதும் ஒரே தாளமாய் ஒலித்தது. கிளையொன்றிலே தலைகீழாய்த் தொங்கிப் பழமுண்ட சின்னஞ்சிறு கிளி ஒன்றைக் கண்டோம். அதுவும் இந்நாட்டுக்கே உரியது. உறங்கும்போதும் வௌவாலைப் போலத் தொங்கியே உறங்குவது. இடப்புறப் பத்தி விரைவாக நிரம்பியது.

வலப்புறப் பத்திக்குப் பொறுமை வேண்டியிருந்தது. முதலில் அகப்பட்டது பச்சைக் கதிர்க்குருவி. எடை பத்துக் கிராமுக்கும் குறைவு. நாம் கடிதம் எழுதும் தாள்கள் இரண்டின் பாரந்தான். காக்கேசிய மலைகள் தொடங்கி மேற்கு இமயம் வரையுள்ள காடுகளிலே பிறந்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. அடுத்து, பாதையிலே நடந்து சென்ற காட்டு வாலாட்டி. ஏனைய வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் இடமும் வலமுமாக உடலையே அசைக்கும். சீனா, கொரியா, சைபீரியாவின் கீழ்ப்பகுதி ஆகிய நாடுகளிலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது.

"குளிருக்குப் பயந்தோ சேர் வருகுது?" என்று ஒரு மாணவி வினவினாள்.

குளிரைக் காட்டிலும் பசியே காரணம் என்றோம். இறகுடைய உயிருக்குக் குளிரைத் தாங்கும் ஆற்றல் உண்டு. ஆனால் வடநாட்டிலே பனி விழுந்ததும் பூச்சி புழுக்கள் மறைந்துவிடுகின்றன. பூச்சியையே நம்பி வாழும் உயிர் வேறென்ன செய்யும்? புறப்படு முன்னர் உடலிலே கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பெரும்பாலும் இரவிலே பறந்து, விண்மீன்களையும் புவியின் காந்தத்தையும் துணைக்கொண்டு வழி காண்கின்றன. முன்சென்று அறியாத இளம் பறவையும், தாய் தந்தையர் துணையின்றியே, போக வேண்டிய திசையை அறிந்திருக்கின்றது. இதனைக் கேட்ட மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தனர்.

பாதை வளைந்து குளத்தை நோக்கி இறங்குமிடத்திலே, ஈரச் சருகுகளிடையே ஏதோ தத்தியது. நாம் கையை உயர்த்தினோம், பன்னிருவரும் நின்றனர். மைனாவிலும் சற்றுச் சிறிய பறவை. வாலோ இல்லையென்னும்படி குட்டை. முதுகு பச்சை, மார்பு வெளிர்ந்த பழுப்பு, சிறகின் ஓரத்திலே பளிச்சிடும் நீலம், அடிவயிற்றிலே குங்குமச் சிவப்பு, கண்ணின் மேல் மைதீட்டியது போலக் கறுப்புப் பட்டை. சருகை அலகால் ஒதுக்கி ஒரு புழுவை எடுத்தது. எம்மை ஒரு முறை நோக்கியது. இரண்டு தத்தலில் நிழலுக்குள் மறைந்தது.

அதுவே ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவில், பொழுது புலரும்போதும் சாயும்போதும், இரண்டே சுரத்தில் சீழ்க்கையடிப்பதால் தமிழர் அதற்கு இட்ட பெயர். வட இந்தியர் நவரங்கம் என்பர். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்திலே கூடு கட்டி, பனிக்காலத்துக்குத் தெற்கே வருவது.

மாணவர் மகிழ்ந்து ஆரவாரித்தனர். நாமோ அவர்களோடு சேர்ந்து மகிழ இயலாது நின்றோம். அதற்கொரு கதை உண்டு.

1991ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். யாழ்ப்பாணத்திலே மின்சாரமில்லாத காலம். ஜாம் போத்தலிலே திரியிட்டுப் படித்த நாட்கள். எமக்கு அப்போது பத்து வயது. ஒரு விடியற்காலையில் எம் வீட்டு விறாந்தையிலே இதே பறவை களைத்து விழுந்து கிடந்தது. கடலைக் கடந்து வரும் ஆறுமணிக்குருவி சோர்வு மிகுந்து வீடுகளுக்குள்ளே புகுந்து விழுவது உண்டு என்பதை நாம் பிற்காலத்தில் நூல்களிலே படித்தோம். அன்று அறிந்தது அதன் நிறங்கள் மட்டுமே. பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து அதனை மூடினோம். அரிசிக் குறுணலும் ஒரு சிரட்டையில் தண்ணீரும் வைத்தோம். அயலிலுள்ள பிள்ளைகளையெல்லாம் அழைத்துக் காட்டினோம். ஒவ்வொருவருக்கும் கடகத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினோம்.

அப்பாச்சி முற்றத்தைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: "ராசா, அது வழியிலை வந்தது. வழியிலை வந்ததை அடைச்சு வைக்கக் கூடாது. திறந்து விடு."

"நாளைக்கு விடுறன் அப்பாச்சி," என்றோம்.

மறுநாட் காலையில் கடகத்தைத் திறந்தபோது அது ஒருக்களித்துக் கிடந்தது. குறுணலிலே ஒரு மணியும் குறையவில்லை. அது பூச்சியும் புழுவும் தின்னும் பறவை, அரிசி தின்னாது என்பது எமக்குத் தெரியாது. அத்தனை தூரத்தையும் கடந்து வந்த ஓருயிர், எமது அன்பைக் கடக்க முடியாமல் மாண்டது. பறவைகளைப் பற்றி நாம் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. ஜீ. எம். ஹென்றி என்பார் எழுதி 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் பற்றிய நூல் கல்லூரி நூலகத்திலே கிடைத்தபோது, முதலில் தேடிப் புரட்டியதும் அப்பறவையின் பக்கத்தையே.

இக்கதையை மாணவருக்குச் சொன்னோம். அவர்களோடு வந்திருந்த வனக் காவலர் தமக்குத் தெரிந்த தமிழிலும் எமக்குத் தெரிந்த சிங்களத்திலுமாக வேறொரு கதை சொன்னார். சிங்களர் அப்பறவையை 'அவிச்சியா' என்பர். முன்னொரு நாள் மயில் அதனிடமிருந்த அழகிய ஆடையைக் கவர்ந்து சென்றதாம். அன்று தொட்டு, "வந்து போயிற்று, வந்து போயிற்று, முறையிடுவேன், முறையிடுவேன்" என்று பொழுது புலரும்போதும் சாயும்போதும் அது கூவுகின்றதாம். ஒரே சீழ்க்கையிலே தமிழன் கடிகாரத்தைக் கேட்டான்; சிங்களவன் வழக்கைக் கேட்டான். இரண்டும் நன்றாகவே இருந்தன.

குளக்கரையிலே இளைப்பாறினோம். அரச குடும்பத்தார் நீராடிய குளம் என்று சொல்லுவர். அதன் அடியிலே புதையலும் அதைக் காக்கும் பாம்பும் உண்டென்பது செவிவழிக் கதை. கரையிலுள்ள மரங்கள் சிலவற்றிலே அகன்ற மஞ்சட்புள்ளி இலைகளையுடைய கொடியொன்று உச்சிவரை ஏறி மூடியிருந்தது. வீடுகளிலே போத்தலில் வளர்க்கும் 'மணி பிளான்ட்' தான் அது. எவரோ வெளியிலிருந்து கொணர்ந்தது காட்டினுள் புகுந்து, தரையையும் மரத்தையும் போர்த்துக்கொண்டு, உள்ளூர்ச் செடிகளின் முளைகளுக்கு வெளிச்சமில்லாமற் செய்கின்றது.

"அப்ப வந்ததெல்லாம் நல்லதில்லைத்தானே சேர்?" என்றாள் முன்னே வினவிய மாணவி.

நல்ல கேள்வி. கதிர்க்குருவியும் வந்தது; இக்கொடியும் வந்தது. குருவியோ பல்லாயிரம் ஆண்டுகளாக இக்காட்டோடு கணக்குத் தீர்த்துக் கொண்டு வாழ்வது. இலையிலுள்ள புழுவைத் தின்கின்றது, மரத்துக்கு நன்மை செய்கின்றது, பிறர்க்கு இடம் விடுகின்றது. கொடியோ பிறர்க்கு இடம் விடுவதில்லை. வந்தது என்பது குற்றமன்று. வந்து எப்படி வாழ்கின்றது என்பதே நோக்கத்தக்கது என்றோம். சொல்லும்போது எமக்கு அது நிறைவான விடையாகவே தோன்றிற்று.

அப்போதுதான் குளத்தின் மறுகரையிலே வெண்ணிறக் கொடியொன்று அசைவது போல ஒரு பறவை பறந்தது. தலை கறுப்பு, உடல் தூய வெள்ளை, உடலிலும் நீண்ட இரு வெண்ணாடாக்கள் வாலாகப் பின்தொடர்ந்தன. அரசவால் ஈப்பிடிப்பானின் ஆண். இந்தியாவிலிருந்து வருவது. வெள்ளைத் துணியைத் திருடி வாலிலே கட்டிக்கொண்டு ஓடுவது போலத் தோன்றுவதால் சிங்களர் அதனைத் 'துணிக் கள்ளன்' எனப் பொருள்படும்படி 'ரெதி ஹொரா' என்பர். மாணவன் அதை வலப்புறத்தில் எழுதினான்.

சிறிது நேரத்தில் அதே மரத்துக்கு வேறொன்று வந்தது. வடிவமும் வாலும் அதேதான். நிறம் மட்டும் செங்காவி. இதனைத் துறவியின் ஆடையைத் திருடியவன் என்று 'சிவுரு ஹொரா' என்பர். இலங்கையிலேயே பிறந்து வாழும் இனத்தின் ஆண் வாழ்நாள் முழுவதும் செங்காவியாகவே இருக்கும், ஒருபோதும் வெள்ளையாவதில்லை. இதைச் சொன்னதும் மாணவன் இடப்புறத்தில் எழுதத் தொடங்கினான். நாம் தடுத்தோம். ஏனெனில் இந்தியாவிலிருந்து வரும் ஆணும் இளமையிலே செங்காவியாகவே இருந்து, முதிர்ந்த பின்னரே வெண்மை பெறும். பெண்களோ இரண்டிலும் செங்காவியே. தை மாதத்திலே ஒரு செங்காவிப் பறவையைக் கண்டால், அது இக்காட்டிலே பிறந்ததா, கடல் கடந்து வந்ததா என்று தூர நின்று துணிதல் அரிது.

மாணவன் பேனையை உயர்த்தியபடியே கேட்டான்: "அப்ப இத எந்தப் பக்கம் எழுதுறது சேர்?"

"எங்களுக்கும் தெரியேல்லை, தம்பி," என்றோம்.

அவன் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் மெல்லச் சொன்னான்: "எங்க தாத்தாவோட அண்ணன அந்தப் பக்கம் எழுதிட்டாங்களாம் சேர். அவரு கொத்மலையில பொறந்தவரு."

எவரும் பேசவில்லை. மாணவர்கள் வரலாற்றுப் பாடத்திலே அதைப் படித்திருக்கின்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இலே இரு நாட்டுத் தலைவர்கள் செய்த ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு பின்னர் எழுதப்பட்டது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் தான் நிறைவேறியது. இவ்வெண்களையெல்லாம் வகுப்பிலே பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம். அவ்வெண்களுள் ஒருவர் எம் மாணவனின் பெரிய தாத்தா என்பதை அக்குளக்கரையிலேதான் அறிந்தோம். சற்று முன்னர் நாம் நிறைவென எண்ணிய விடையும் அவன் முன்னே போதாததாயிற்று. அவருடைய மூதாதையர் வந்தவர். அவரோ இங்கே பிறந்தவர். இம்மலைகளிலே தேயிலையை வளர்த்தவர். எப்படி வாழ்ந்தார் என்று எவர் நோக்கினர்?

ஏட்டின் நடுவே கோடு கிழித்தவர் நாமே. ஆண்டிலே ஆறு ஏழு மாதம் இங்கே தங்கும் ஆறுமணிக்குருவியை விருந்தினர் என்பதா, வீட்டினர் என்பதா? வடக்கே அது முட்டையிடும் காலம் அதனினும் குறைவு. காட்டுக்கு அப்படியொரு கோடு இருந்ததாகத் தெரியவில்லை. வெள்ளையும் செங்காவியும் ஒரே கிளையிலிருந்து ஒரே குளத்தின் மேற் பறந்த ஈக்களைப் பிடித்தன.

அவன் ஏட்டை மடியில் வைத்து, அப்பறவையின் பெயரைக் கோட்டின் மேலேயே, இரு பத்திகளுக்கும் குறுக்காக எழுதினான். நாம் திருத்தவில்லை.

உடவத்தகெலேக்குச் செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில சொற்கள். மார்கழி தொடங்கி மாசி முடியச் செல்லுங்கள். வாயில் திறந்ததும் நுழையுங்கள். வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். வெளிர்ந்த, பளிச்சிடும் ஆடைகளைத் தவிர்த்தல் நன்று. கைத்தொலைபேசியிலே பறவைக் குரலை ஒலிக்கச் செய்து அழைப்பது வேண்டாம். தன் இடத்தைப் பறிக்க எவரோ வந்துவிட்டனர் என்று அது அஞ்சி அலையும். குரங்குகளுக்கு உணவு கொடுத்தலும் ஆகாது. இன்னுமொன்று: ஐப்பசி, கார்த்திகையிலே களைத்த ஆறுமணிக்குருவி உங்கள் வீட்டிலே விழுமாயின், காற்றுப் புகும் துளைகளிட்ட ஒரு கடதாசிப் பெட்டியிலே, இருட்டாகவும் அமைதியாகவும் சில மணி நேரம் இருக்க விடுங்கள். அரிசி வேண்டாம், அயலாருக்குக் காட்டவும் வேண்டாம். தெளிந்ததும் மரநிழலிலே திறந்து விடுங்கள். வழியிலே வந்ததற்கு நாம் செய்யத்தக்க உபசாரம் அவ்வளவே.

நண்பகலில் காட்டை விட்டு இறங்கி, நகரிலே உணவருந்தி, நூதனசாலையைப் பார்வையிட்டு, மாலையிலே வாவிக்கரையில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். மாளிகையில் மேளம் ஒலித்து ஓய்ந்தது. வாகனங்களின் இரைச்சல் ஒரு கணம் அடங்கியபோது, மேலே இருளத் தொடங்கிய காட்டின் விளிம்பிலிருந்து இரண்டு சுரச் சீழ்க்கை ஒன்று இறங்கி வந்தது. அம்மாணவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பின் எம்மைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆறுக்கு ரெண்டு நிமிசம் இருக்கு சேர்," என்றான்.